குழம்புச் சட்டிமேல் பீரங்கிக் குண்டு

செஞ்சியில் கோட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பீரங்கிக் குண்டு இருந்தது. சண்டைக்கு இல்லை, குழம்புக்கு.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். கோட்டை மலைகளில் குரங்குகள் அதிகம். சீதாப்பழக் காலம் முடிந்ததும் அவை ஊருக்குள் இறங்கும். ஓட்டைப் பிரித்து நேரே சமையற்கட்டில் குதிக்கும். சட்டியைத் தட்டால் மூடினால் தட்டைத் தூக்கும். பலகையால் மூடினால் பலகையைத் தள்ளும். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவதி வழி கண்டுபிடித்திருக்கிறாள். சட்டிமேல் பலகை, பலகைமேல் வைக்கோல் பிரிமணை, பிரிமணைமேல் கோட்டையில் கிடந்த கல்குண்டு. பெரிய இளநீர் அளவு இருக்கும், குரங்கு குடும்பத்தோடு வந்தாலும் அசையாது. எந்த ராஜாவோ எந்த எதிரியின் தலையில் போடவோ செதுக்கி வைத்தது, எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் காரக்குழம்பைக் காவல் காத்தது. குரங்குக் குண்டு என்றுதான் அதற்குப் பெயர். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட ஒரு சாக்கில் சமையற்கட்டை எட்டிப் பார்த்து, குண்டு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு பேசுவார்கள்.

நானும் அதை ஒரு தப்பாக நினைத்ததில்லை, கோட்டையில் எனக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கிற வரைக்கும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து போனார், காய்ச்சலும் போனது. அடுத்த இன்ஸ்பெக்டர் எப்போது வருவாரோ என்ற பயத்தில் நான் மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்ததோ சர்க்கார் வேலை. அதுவும் தினக்கூலிதான். மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர் வந்து பார்த்து, சரி என்றால்தான் நிரந்தரம். இல்லை என்றால் பழையபடி மணிலாக் கடலைக் கொல்லையில் களை பிடுங்க வேண்டியதுதான்.

கோட்டை வாசலில் ஒரு நீலப் பலகை உண்டு. அதன் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும். வேறு வேலை இல்லாததால் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது பாதுகாக்கப்பட்ட சின்னம். இதை இடித்தாலோ, கிறுக்கினாலோ, இங்கிருந்து எதையாவது எடுத்துப் போனாலோ தண்டனை என்று இருந்தது. எடுத்துப் போனாலோ என்ற இடத்தை விரல் வைத்து மறுபடி படித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நைனாவைக் கேட்டேன். "நைனா, இந்தக் குண்டு நம்ம வூட்டுக்கு எப்புடி வந்துச்சி?"

"எப்புடி வரும்? நடந்தா வரும்? உங்க தாத்தன் தோள்ல தூக்கியாந்தாரு" என்றார் நைனா, ஏதோ தாத்தா பதக்கம் வாங்கி வந்த மாதிரி.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதுகாக்கிறவன் வீட்டிலேயே திருட்டுச் சாமான். அதுவும் பரம்பரைத் திருட்டு. என் மனைவி பரிமாறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாயா, குழம்புல உப்பு இல்லியா?"

"குழம்பு இருக்குது. அதுமேல இருக்கறதுதான் டென்ஷனா இருக்குது."

விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெள்ளக்காரன் உங்க கோட்டக் கோயிலு தூணையே பேத்து வண்டியில ஏத்திப் பாண்டிச்சேரிக்குக் கொண்டும்போனான்னு வர்றவங்க கிட்டல்லாம் நீயே சொல்ற. அவன இன்னா பண்ணாங்க? ஒரு குண்டுக்கு உன்னத் தூக்குல போட்ருவாங்களா?"

"அவன் வெள்ளக்காரன். நான் தினக்கூலி."

அதோடு பேச்சு முடிந்தது. என் கவலை முடியவில்லை.

அடுத்த வாரமே பெரிய வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். எனக்கு மேலே இருப்பவர் அவர் ஒருவர்தான். மதியம் ஆனால் கோட்டையின் பழைய தானியக் களஞ்சியத்துக்குள் குளிர்ச்சியாகப் படுத்துவிடுவார். அன்று எழுந்து உட்கார்ந்திருந்தார் என்றால் விஷயம் பெரியது.

"டேய், வர்ற திங்கக்கெழம பெரிய ஆபீசர் வர்றாரு. போன தபா வந்தப்போ ஒரு கொரங்கு அவரு தொப்பியப் புடுங்கி, கல்யாண மகால் உச்சியில ஏறி மாட்டிக்கினு உக்காந்துச்சி. சாயங்காலம் வரிக்கும் கழட்டல. அந்த மனுசன் இன்னும் அத மறக்கல. இந்த தபா ஒரு கொரங்கு அவரு கண்ணுல பட்டுது, உன் வேல காலி."

"கொரங்குக்கும் என் வேலைக்கும் இன்னாணா சம்பந்தம்?"

"நீதானடா வாட்ச்மேன்? வாட்ச் பண்ணு."

கோட்டை முழுக்கக் குரங்கு. என் கையிலோ ஒரு மூங்கில் குச்சி. இதில் வீட்டுக் குண்டு வேறு. இரண்டு கவலையையும் ஒரே நேரத்தில் படுவது எனக்கே சிரமமாக இருந்தது. அதனால் ஒன்றையாவது தீர்த்துவிடலாம் என்று, மறுநாள் காலையில் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, சோற்றுக் கூடைக்குள் குண்டை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, கோட்டைக்குக் கொண்டுபோனேன். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் பழைய குண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். எங்கள் குண்டைச் சத்தம் வராமல் அதில் வைத்தேன். மற்ற குண்டுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. எங்களுடையது எண்ணெய் குடித்துப் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கொஞ்சம் மண்ணைத் தடவிவிட்டு வந்தேன்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எதிர்வீட்டு அத்தையை நினைத்தேன். பாவம், அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, ஆபீசர் கண்ணில் பட்டால் என்ன ஆவது? தண்ணீர்க் குழாயடியில் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அத்த, திங்கக்கெழம ஆபீசர் வர்றாரு, குண்டு விஷயத்துல உஷாரா இருங்க" என்று காதோடு காதாகச் சொன்னேன்.

குழாயடியில் தனியாக எதையும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது தெருவைச் சுற்றிவிட்டு மறுநாள் என்னிடமே திரும்பி வந்தது. தெருக்கோடியில் ஒருவர் என் சைக்கிளை நிறுத்தி, "ஏம்பா, விஷயம் தெரியுமா? ஜீப்புல வர்றாங்களாம். வூடு வூடா சட்டியத் தெறந்து பாக்கறாங்களாம். குண்டு இருந்தா சட்டியோட சேத்து ஏத்திக்கினு போறாங்களாம்" என்றார். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். கிளப்பிவிட்டது நான்தான் என்பதே மறந்துபோய், "நெசமாவா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு கோட்டைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. எந்தப் பண்டிகையும் இல்லாத வாரத்தில் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. ஒரு அம்மா அர்ச்சனைத் தட்டோடு வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய், அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த இன்னொரு தேங்காய். அந்த இன்னொரு தேங்காயின் கனத்தில் அவர் கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விறகு பொறுக்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு வந்த துணிமூட்டை உருண்டையாக இருந்தது. ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வருவதுபோல் போர்வைக்குள் அணைத்துத் தூக்கி வந்தார். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தேன். எடுத்துப் போகக் கூடாது என்றுதான் பலகையில் இருந்தது. கொண்டுவரக் கூடாது என்று இல்லை. அதை மறுபடி மறுபடி படித்து உறுதிசெய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் குவியல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. குண்டு இல்லாதவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மிக் குழவி, உடைந்த திருகைக் கல் எல்லாம் போட்டிருந்தார்கள். பெரிய வாட்ச்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"ஏண்டா, இது குட்டி போட்ருக்குதா?"

"எனுக்குத் தெரியாதுணா."

"கொறஞ்சாதான் கேள்வி வரும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கூடுனா இன்னா கேப்பாங்கன்னே தெரியலியே."

அவர் அன்று மதியம் தூங்கவில்லை. நான் இரண்டு நாளாகவே தூங்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். குள்ளமான, சிவந்த மனிதர். தலையில் புதுத் தொப்பி. ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினார். இன்னொரு கையில் டிபன் கேரியர். இறங்கியதும் மரங்களைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு குரங்கு இல்லை. மதில்மேல் இல்லை. மகால்மேல் இல்லை. யானைக் குளத்துப் படியில் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. தெரு முழுக்கக் குண்டு இல்லாத சட்டிகள். கோட்டைக் குரங்குகள் மொத்தமும் எங்கள் தெருவில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஆபீசர் கொஞ்ச தூரம் நடந்ததும் தொப்பியிலிருந்து கையை எடுத்தார். "பரவாயில்லையே. குரங்கையெல்லாம் என்னப்பா பண்ணினீங்க?"

பெரிய வாட்ச்மேன் கொஞ்சமும் யோசிக்காமல் என் தோளைத் தட்டினார். "நம்ம பையன்தான் சார். நல்லா வாட்ச் பண்றான்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. நிரந்தரம் என்ற சொல் காதுக்குள் மணி மாதிரி அடித்தது. அடுத்த நிமிஷம் நாங்கள் களஞ்சியத்துப் பக்கம் திரும்பினோம். ஆபீசர் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"போன தடவை இவ்வளவு இல்லையே."

"தோண்டத் தோண்ட வருது சார்" என்றார் பெரிய வாட்ச்மேன்.

ஆபீசர் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து குழவியை எடுத்தார். "இது எந்தப் பீரங்கிக்கு?"

"அது நீளமான பீரங்கி சார்."

பிறகு ஒரு குண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான் எட்டிப் பார்த்தேன். எத்தனை குண்டு இருந்தாலும், அவர் கையில் இருந்தது எங்கள் மாப்பிள்ளைக் குண்டுதான்.

"என்னப்பா இது, காரக்குழம்பு வாசனை வருது?"

பெரிய வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "வெடிமருந்து சார்" என்று சொல்ல நினைத்தேன், காற்றுதான் வந்தது.

அந்த நேரத்தில்தான் வாசல் பக்கமிருந்து என் மனைவி வந்தாள். இடுப்பில் குழம்புச் சட்டி, கையில் பலகை, தோளில் பிரிமணை, தலை கலைந்திருந்தது. அவளுக்குப் பின்னால், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு பெரிய கிழட்டுக் குரங்கு நடந்து வந்தது.

ஆபீசரின் இரண்டு கையும் தொப்பிக்குப் போயின. குண்டு கீழே விழுந்து உருண்டது. என் வேலையும் அதோடு உருண்டு போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. "இன்னாயா, காத்தாலேர்ந்து ரெண்டு சட்டி குழம்பு போச்சி. மூணாவது வெச்சி எடுத்தாந்தேன். எங்க நம்ம..." என்று ஆரம்பித்தவள், புதுத் தொப்பியைப் பார்த்து வார்த்தையை விழுங்கினாள். பிறகு குவியலுக்குப் பக்கத்தில் சட்டியை இறக்கினாள். மேலே பலகை, அதன்மேல் பிரிமணை. உருண்டு கிடந்த குண்டை இரண்டு கையாலும் தூக்கி நச்சென்று உட்காரவைத்தாள். தள்ளிப் போய் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

குரங்கு வந்தது. பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது. சுற்றி வந்தது. குண்டைக் கட்டிப்பிடித்துத் தள்ளியது. முடியவில்லை. எங்கள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மானம் போனதுபோல் மெதுவாக மதில் பக்கம் நடந்து போனது. தொப்பியை அது கண்டுகொள்ளவே இல்லை.

ஆபீசர் சட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "இது என்னம்மா ஏற்பாடு?" என்றார்.

"குண்டு எதுக்கு சார் இருக்குது? எதிரியத் தடுக்கத்தான?"

"இதையெல்லாம் இங்கிருந்து எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது, தெரியுமா?"

"யாரு எடுத்துக்கினு போனா? அது அது எடத்துலதான் இருக்குது. என் சட்டிதான் இங்க வந்துருக்குது."

ஆபீசர் என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நான் மனசுக்குள் களைக்கொத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மதில்மேல் இன்னும் நாலைந்து குரங்குத் தலைகள் தெரிந்தன. தெருவில் விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசர் தன் டிபன் கேரியரைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். கேரியரை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார்.

"இதையும் ஒரு குண்டுக்குக் கீழ வைம்மா. பெரிசா பாத்து வை."

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் என்னைப் பற்றிப் பேசினார். பேசியது என்னோடு இல்லை, பெரிய வாட்ச்மேனோடு. "இவனைப் போட்டுடலாம். ஆனா இந்தக் குவியல் இனிமே இங்கேயே இருக்கணும். ஒரு குண்டு வெளிய போனாலும் இவன்தான் பொறுப்பு."

அப்படித்தான் நான் நிரந்தரமானேன். தெரு முழுக்கக் குரங்கிடம் குழம்பைப் பறிகொடுத்தவர்கள் என்னிடம் குண்டைக் கேட்டு வந்தார்கள். நான் நீலப் பலகையைக் காட்டினேன். எதிர்வீட்டு அத்தை, "கட்டையில போறவனே, நீ சொல்லித்தானடா கொண்டாந்து போட்டேன்" என்று ஆரம்பித்து, அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் முடித்தார். கடைசியில் எல்லோரும் என் மனைவி வழிக்கு வந்தார்கள். சமையல் முடிந்ததும் சட்டியும் பலகையுமாகக் கோட்டைக்கு வந்து, அவரவர் குண்டை அடையாளம் பார்த்து மேலே ஏற்றிவிட்டு வயலுக்குப் போவார்கள். மதியம் வந்து அங்கேயே சாப்பிடுவார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் களஞ்சியத்தைப் படம் பிடித்தால், வரிசையாகக் குழம்புச் சட்டிகளும் சேர்ந்துதான் விழும்.

எனக்கு அதிலும் நிம்மதி இல்லை. அடுத்த ஆபீசர் எப்படிப்பட்டவரோ. அதனால் தினமும் காலையில் டியூட்டிக்கு வந்ததும், யாரையும் உள்ளே விடுவதற்கு முன்னால், பலகையை முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன், சட்டியைப் பற்றிப் புதிதாக ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று.