பச்சையம்மா கேட்ட பொய்

இந்த மலைமேல் ஜமுனாமரத்தூரில் என்னிடம் வருகிறவர்கள் முதலில் மருந்துச் சீசாவைத் தேடுவார்கள். "மருந்து இல்லாத ஊசியா? இன்னாத்துக்கும்மா அது?" என்று கேட்காதவர்கள் குறைவு. கொழும்பில் அக்குபஞ்சர் டாக்டரிடம் நான் உதவியாளாக நின்ற இரண்டு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட வரிசையில் காத்திருந்து குத்திக்கொண்டு போவார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இங்கே வந்தால், ஆறு வருஷமாக நான் சிலோன்காரி. இன்னும் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதக் காரணம் அதுவல்ல.

பச்சையம்மாவை ஒரு சந்தை நாளில் அவள் மாமியார் கூட்டிவந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. புளி மூட்டை சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் நின்றாள். ஊசி வலியைத்தான் தணிக்கும், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பாருங்கள் என்றேன். "கீழ போய்ட்டு வர யாரு இருக்கா? நீயே குத்தும்மா" என்றாள் மாமியார். ஊசிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, இடுப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் குத்தினேன். மூன்றாவது வாரம் நிமிர்ந்தாள். நான்காவது வாரம் மாமியார் உப்பு வாங்கப் போன நேரத்தில் பச்சையம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, சரியாவலன்னு சொல்லிடுக்கா."

எனக்குப் புரியவில்லை. "இன்னும் நோகுதா?" என்று கேட்டேன்.

"நோவல. அதான் சொல்றேன். நோவு போச்சின்னா நாளைக்கே மூட்டைய தூக்கி வெச்சிடுவாங்க. இந்த ஒரு மாசந்தான் வூட்ல ஒக்காந்து சோறு துன்னேன்."

என் அம்மா ஞாபகம் வந்தது. காய்ச்சலோடு தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நின்று, ஒரு நாள் ஓய்வுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். டிஸ்பென்சர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "மலைக்குப் போ" என்றார். அன்று மழையில் கொழுந்து பறித்தாள். இவனெல்லாம் மனுஷனா என்று அப்போது நினைத்தேன்.

மாமியார் திரும்பி வந்தாள். "இன்னாம்மா, ஆய்ட்ச்சா?" வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஊரே பார்க்க நான் குணமாக்கிய முதல் ஆள் பச்சையம்மா. குணமாகவில்லை என்றால் அந்தப் பத்துப் பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

"ஆயிற்று" என்றேன். கொஞ்ச நாள் பாரம் தூக்கவிடாதீர்கள் என்றும் சொன்னேன். அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். பச்சையம்மா என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளைக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். மூட்டையோடு சரிவில் விழுந்திருக்கிறாள். முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவள் புருஷன் வெள்ளையன் கை கூப்பினான். "முன்ன நீங்க குத்தித்தான எழுந்துகினா? இப்பவும் குத்துங்க."

பயனில்லை என்று தெரிந்தும் குத்தினேன். பாதத்திலிருந்து முழங்கால்வரை ஒவ்வொன்றாக. "நோகுதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒண்ணுமே நோவல" என்றாள். "இனிமே மூட்ட வெக்கமாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள்.

என் பெயர் கெடவில்லை. விழுந்தது அவள் தலையெழுத்து, எழுப்பியது சிலோன்காரி ஊசி என்று பேசிக்கொண்டார்கள். போன தை மாதம் வெள்ளையனுக்கு இரண்டாம் கல்யாணம். மாமியாரே வந்து அழைத்தாள். வெள்ளையன் வீட்டிலேயே நடந்த பந்தியில் பெண் வீட்டார் என் பேச்சைக் கேட்டு எந்தத் தேசம் என்று விசாரித்தபோது, ஊர்ப் பெரியவர் குறுக்கே விழுந்து, "தேசமாவது? இவங்க நம்ப ஊரு" என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்போது உள்ளறையிலிருந்து பச்சையம்மா தண்ணீர் கேட்டாள். ஒருவரும் திரும்பவில்லை. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாமியார் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "எலையில சோறு வெச்சப்புறம் எழுந்துக்கக் கூடாதும்மா. அவ அப்படித்தான் கத்திக்கினு இருப்பா. நீ துன்னு."

உட்கார்ந்தேன். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து மறுபடியும் அவள் குரல் கேட்டது. என் வலது கை சோற்றைப் பிசைந்தது. இடது கை அந்தத் தண்ணீர் டம்ளரை விடவில்லை.