படியில் ஒரு கால்

அவனியாபுரத்துப் பேயாண்டிக்கு மத்தியானத் தூக்கத்தில் வருவது எப்போதும் ஒரே பஸ்தான். பெரியார் நிலையத்திலிருந்து வாடிப்பட்டி போகிற பஸ். விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று வெயிலில் மிதந்தபடி போகும். ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்த மனுஷனுக்கு வேறென்ன கனவு வரும்? வீட்டு மொட்டை மாடியை உரசுகிற மாதிரி விமானம் இறங்கினாலும், கனவுக்குள் அது லாரிச் சத்தமாகத்தான் கேட்கும்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லியே அறுப்பார். ஒரு விசில் என்றால் நில்லு, ரெண்டு என்றால் போ. படியில் ஏறுகிற ஆளின் ரெண்டாவது கால் உள்ளே வராமல் அவர் ரெண்டு விசில் கொடுத்ததே கிடையாது. டிரைவர்கள் திட்டினார்கள், டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். ஆள் அசையவில்லையே! பரவையில் தையல் வகுப்புக்குப் போக ஏறிய தமிழ்ச்செல்வி, செருப்பு அறுந்து ஒற்றைக்காலில் தத்தளித்த அன்றைக்கு, பஸ்ஸே சேர்ந்து கத்தியும் அவர் விசிலை உதட்டில் வைக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவளை ரெண்டு வருஷத்துக்கு முன் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். "எம்புட்டுக் கத்துனாலும் இவளுக்குக் கேக்க மாட்டேங்குது டாக்டர்." டாக்டர் அவள் காதைப் பார்த்தார். பிறகு, மடியில் நடுங்கிக்கொண்டிருந்த இவர் கையைப் பார்த்தார். "அம்மாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நீங்க கத்துறதா நெனைக்கிறீங்க. பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்கலய்யா." நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் காதைக் காட்டப் போன இடத்தில் இவருக்குப் பார்க்கின்சன். கொடுமையைப் பாருங்கள்!

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஆன்மேரிதான் குரல் ஏன் எழும்பவில்லை என்பதை விளக்கினாள். "மூச்சுக்கும் ஒரு கண்டக்டர் இருக்காருய்யா. அவரு நெஞ்சுல இல்ல, மூளையில. அவரு விசில் குடுத்தாத்தான் விலாத் தசையெல்லாம் அசையும். இந்த நோயில அந்த விசில் லேட்டா வருது, மெதுவா வருது. அரை மூச்சு வாங்கிட்டு முழு மூச்சுன்னு நெனச்சுக்கிறாரு. காத்து பத்தலைன்னாலும் சில நேரம் அவருக்குத் தெரியிறதில்ல. அதுனாலதான் மாத்திரைய நேரம் தவறாமப் போடணும்."

பேயாண்டிக்கு அந்தக் கண்டக்டர்மேல் கோபம் வந்துவிட்டது. "அவன சஸ்பெண்ட் பண்ணணும்" என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை.

ஊதிப் பழக ஆன்மேரியைக் கேட்டுக்கொண்டு பழைய விசிலையே எடுத்தார். குரல் போன வீட்டில் அதுவே பேச்சாகவும் ஆயிற்று. ஒரு விசில் என்றால் உடனே வா. ரெண்டு என்றால் நான் நல்லா இருக்கேன், நீ போ. கடைக்குக் கிளம்பினால் தமிழ்ச்செல்வி ரெண்டு செருப்பையும் மாட்டி, கேட்டைச் சாத்தி, தெருவில் நின்று "போகவா?" என்று கேட்பாள். அதற்கப்புறம்தான் உள்ளேயிருந்து ரெண்டு விசில் வரும்.

போன மாசியில் ஒரு நாள். ரேஷன் கடையில் பருப்பு வந்திருக்கிறது என்று அவள் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். ரெண்டு மணி மாத்திரையை உள்ளங்கையில் வைத்தபடியே பேயாண்டி கண்ணயர்ந்துவிட்டார். மாத்திரை உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. பஸ் வந்தது. விளாங்குடி போயிற்று, பரவை போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. பாதிக் கண் திறந்தபோது உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. விலாவைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. பயந்துபோனார். பஸ்ஸை நிறுத்தணும், அவளைக் கூப்பிடணும். கழுத்தில் கிடந்த விசிலை எப்படியோ உதட்டுக்குக் கொண்டுவந்து ஊதினார். ஊதியது ஒரு விசில்தான். மூச்சு நடுவில் அறுந்து, அது ரெண்டு துண்டாக வெளியே வந்தது.

"சரிங்க, வாரேன்!" என்று வாசலில் குரல் கேட்டது. கேட் சாத்துகிற சத்தம் வந்தது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

அய்யோ, போகச் சொல்லிவிட்டோமே! இன்னொரு தடவை ஊதப் பார்த்தார். காற்றில்லை. மூச்சு சின்னதாகி, இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. வலி ஒன்றும் இல்லை, சுகமாகத் தூக்கம்தான் வந்தது. பரவை நிறுத்தத்தில் அறுந்த செருப்போடு தமிழ்ச்செல்வி நிற்க, பஸ் அவளை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

கேட் படாரென்று திறந்தது. பையை எறிந்துவிட்டு ஓடிவந்தவள் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். முன்னால் சாய்த்துத் தலையணையை அணைத்துக் கொடுத்தாள். போனில் ஆன்மேரி சொல்லச் சொல்ல, "உதட்டக் குவிச்சு மெதுவா ஊதுங்க... இன்னும் மெதுவா..." என்று தானும் சேர்ந்து ஊதினாள். கட்டிலுக்கடியில் கிடந்த மாத்திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும் டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காற்று அடிவயிறு வரை இறங்கியது.

"ரெண்டுதானே கேட்டுச்சு? ஏன் திரும்புன?" என்றார். அவள் அவர் வாயில் காதை வைத்துக் கேட்டாள்.

"முக்குக் கடை வரைக்கும் போயிட்டேங்க. அப்பத்தான் உறைச்சுச்சு. நீங்க ஊதுனப்ப நான் ஒத்தச் செருப்புதான் மாட்டியிருந்தேன். இன்னொரு கால் வாசப்படியில இருந்துச்சு. படியில கால் இருக்கையில நீங்க என்னைக்குங்க ரெண்டு விசில் குடுத்திருக்கீங்க?"

சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.