முகத்துக்கு நேராக

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் திருவொற்றியூர் மையத்தில்தான் அவரைப் பார்த்தேன். பெயர் பெற்ற கூடைப்பந்து ஆட்டக்காரர். வாசலில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். முட்டியில் பட்டை கட்டியிருந்தார். ஆனாலும் தன் சின்ன மகளிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றால்கூட மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொள்வார்.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவர் அன்று உடன் வந்திருந்தார். எங்கள் பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததிலிருந்து அவளிடம் பேசுவதையே விட்டிருந்தவர் அவர்.

“முட்டி வலிக்கலயா சார்?” என்று அந்த ஆட்டக்காரரிடம் கேட்டார்.

“வலிக்கத்தாண்ணா செய்யுது. மேல நின்னுகினு பேசுனா, நான் இன்னா சொல்றேன்னு கொயந்தைக்கு எப்டி தெரியும்? என் வாயப் பாத்துதான அவ புரிஞ்சிக்கணும்?”

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளின் எதிரே தரையில் உட்கார்ந்து, “அப்பா” என்று மெதுவாகச் சொன்னார். அவள் அவருடைய உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஓயாத பேச்சுதான்.

அந்த மனிதரின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனால், என் பெண்ணுக்கு அடுத்தபடியாக அவர் பெண்ணுக்குத்தான் வேண்டிக்கொள்கிறேன்.