குடிலுக்குத் தெளித்த தண்ணீர்

நெய்வேலி நகரியத்தில், நாங்கள் ஒரு காலத்தில் குடியிருந்த குவார்ட்டர்ஸின் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே ஓர் அம்மா கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருக்கிறார். மலைக்காகப் பழுப்பு நிலக்கரித் துண்டுகளை அடுக்கி, தூசி அடங்க பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு தெளிக்கிறார். குப்பென்று வாசனை எழுகிறது. மழையில் ஊறிய பழைய மரக்கதவின் வாசனை.

சென்னைக் கடைகளில் கிறிஸ்துமஸ் வாசனை என்று மெழுகுவர்த்திக்குள் எதையோ அடைத்து விற்கிறார்கள். எனக்குத் தும்மல் வருவதுதான் மிச்சம். என் கிறிஸ்துமஸ் இந்த ஈரக் கரிதான். அப்பா மலை அடுக்குவார். தெளிப்பது என் வேலை. அம்மா அச்சு முறுக்கு சுடும் தேங்காயெண்ணெய் வாசனை அடுப்படியிலிருந்து வந்து இதோடு சேரும். கரி அப்பிய விரல்களோடு நானும் தங்கையும் சுடச்சுடத் தின்போம்.

"யாரைப் பாக்கணும்ங்க?"

"யாரையும் இல்லங்க. சின்ன வயசுல இந்த வீட்லதான் இருந்தோம். கரி வாசனை வந்துச்சு, நின்னுட்டேன்."

"கேக் வாசனைக்கு நின்னாலும் பரவால்ல, கரிக்கா!" என்று சிரிக்கிறார். பிறகு குடிலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். "எங்க வீட்டுக்காரரு வர்ற மாசம் ரிட்டயர் ஆவுறாருங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்."

கேட்டைத் திறந்து, தண்ணீர் நிறைந்த மக்கை என் கையில் தருகிறார்.

"இந்தாங்க, நீங்களே தெளிங்க. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க நின்ன எடத்துல நான் வந்து நிப்பேன்."