மரக்கிடங்குச் சந்துக்குக் கிடைத்த புகழ்

நனைந்த மரத்தூளும் லாரி டீசலும் கலந்த வாடைதான் எங்கள் சந்து. அந்த வாடை ஏறாத புத்தகம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நான் சிறுமியாக இருந்தபோது மாதாமாதம் துப்பறியும் கதை வெளியிட்ட பதிப்பகம், தன் நீண்ட வரலாற்றைக் கொண்டாட இப்போது சிறப்பு மலர் போடுகிறதாம். மனம் கவர்ந்த புத்தகம் ஒன்றைப் பற்றி நெகிழ்ச்சியாக எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். நெகிழ்ச்சி என்னிடம் இல்லை. கோபம் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தக் கதைகள் மேல் எங்களுக்குப் பைத்தியம்தான், மறைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வரும் நைனா, கைகால் கழுவியதும் "படிம்மா" என்று உட்காருவார். அம்மா அடுப்படியிலிருந்தே கொலைகாரன் யாரென்று சொல்வாள், பெரும்பாலும் தப்பாக. அப்படி ஒரு மாலை, எங்கள் அபிமான எழுத்தாளரின் புதுக் கதையில் துப்பறிவாளரின் கார் தண்டையார்பேட்டைக்குள் நுழைந்து மரக்கிடங்குச் சந்து முனையில் நின்றது. எங்கள் சந்து! நைனா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "நம்ம சந்து பேரு பொஸ்தகத்துல வந்துகீது" என்று அந்த ஒரு வரியைக் காட்டினார். மேலே படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, பேர் வந்ததே போதுமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பாரிமுனை பக்கம் ஒரு மண்டபத்தில் பதிப்பகம் கண்காட்சி வைத்து, அந்த எழுத்தாளரைக் கையெழுத்துப் போட உட்கார்த்தியிருந்தது. நைனா சலவைச் சட்டை போட்டு என்னையும் கூட்டிப்போனார். எங்கள் முறை வந்ததும் சந்தின் பேரைச் சொல்லி, "ஒரு தபா வூட்டுக்கு வரணும் சார், மீன் கொழம்பு சாப்டணும்" என்று கூப்பிட்டார். எழுத்தாளர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்தச் சந்தா? அப்ப பர்ஸை வீட்டுலயே வெச்சுட்டுத்தான் வரணும்" என்றார். பக்கத்திலிருந்த பதிப்பகத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார், ஏனென்று தெரியாமலே.

பஸ்ஸில் ஏறியதும் மீதியைப் படிக்கச் சொன்னார். கதையில் எங்கள் சந்திலிருந்த அத்தனை பேரும் திருடர்கள். பிள்ளைகள் பிக்பாக்கெட், பெண்கள் திருட்டுச் சாமான் பதுக்குகிறவர்கள். எல்லாரும் எங்களைப் போலவே "இன்னா", "கீது" என்று பேசினார்கள், துப்பறிவாளர் மட்டும் சுத்தத் தமிழ் பேசினார். ராயபுரம் தாண்டியதும் நைனா புத்தகத்தை வாங்கி மூடிவிட்டார். மூட்டை அவிழ்ந்து சிந்திய அரிசியைக்கூட வீட்டுக்கு அள்ளி வராத மனிதர் அவர்.

"வந்து பாத்துருந்தா இப்டி எழுதிருக்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

சந்து முனையில் ஆட்கள் காத்திருந்தார்கள், எழுத்தாளர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். நைனா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வரேன்னு சொல்லிகீறாரு" என்றார். அதன் பிறகு அந்தப் புத்தகத்தை யார் கேட்டும் தரவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெண்கள் வாசலில் பெரிய பெரிய கோலமாகப் போட்டார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தீரவில்லை.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். கன்டெய்னர் லாரிகளுக்குச் சாலை அகலப்படுத்தியபோது எங்கள் வீடுகள் எல்லாம் இடிபட்டன. ஜனங்கள் புழல் பக்கமும் எண்ணூர் பக்கமும் சிதறிப்போனார்கள், சந்தின் பேர்ப்பலகையும் இல்லை. மலருக்காக எனக்கு அனுப்பியிருக்கும், அதே கதையின் தங்க எழுத்துப் பதிப்பில் மட்டும் அந்தப் பேர் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. எங்கள் சந்து இன்று அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது, அங்கேயும் எங்களில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை.