ஏணிப் பாட்டை எழுதியவள்

இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செண்பகனூரில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்ட் எங்களுடையது. நான் டிரம்ஸ். முதல் இரண்டு வருடம் கொடைக்கானல் ரிசார்ட்டுகளில் அடுத்தவர்களுடைய இங்கிலீஷ் பாட்டுகளைத் தொண்டை கிழியக் கத்தினோம். வாயைக் கோணினால் அதுதான் ராக் என்று நினைப்பு.

பெரும்பாறையிலிருந்து பாட வந்த பெண்தான் எங்களை மாற்றினாள். எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது அவள் அம்மா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எஸ்டேட்டிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. 'ஏணிய யாரு பிடிச்சா?' என்று கேட்டு அவள் ஒரு பாட்டு எழுதினாள். அதற்காகக் கிட்டாரின் இரைச்சலைக் குறைத்தோம். நானும் அடக்கி வாசித்தேன். அன்றைக்குத்தான் எங்கள் குரலில் பாடினோம்.

பதிவு செய்து இணையத்தில் போடும்போது, "எழுதுனது யாருன்னு போடுவமா?" என்று கேட்டாள். பாடகர் குழுவில் பாட்டெழுதியவர் பெயர் போடுவதில்லை. போட்டால் தலைக்கனம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், "பேரு எதுக்கு? நம்ம எல்லாரு பாட்டுந்தான" என்று சொன்னவன் நான்தான்.

மறுவருடம் எங்கள் கிட்டாரிஸ்ட் சென்னைக்குப் போனான். பாட்டு அவன் பெயரில் வெளிவந்து ஊரெல்லாம் பிரபலமானது. ஏணி இப்போது காதலியின் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது! போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஏலே, நீங்க யாரு பேரையும் போடலையே" என்றான் வெட்கமே இல்லாமல்.

போன சீசனில் ஒரு மத்தியானம், ரிசார்ட் புல்வெளியில் எங்கள் நிகழ்ச்சி. அந்த ஹிட் பாட்டு வேண்டும் என்றார் மேனேஜர். பாடகி மைக்கைப் பிடித்தாள்.

"இது நான் எழுதுன பாட்டுங்க. எங்கம்மா ஏணியில இருந்து விழுந்தத வச்சு எழுதுனேன்."

பழைய வரிகளையே பாடினாள். ஆட எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"ஊருக்கே தெரிஞ்ச பாட்ட என்னுதுங்குது அந்தப் பொண்ணு. கெஸ்ட் சிரிக்கிறாங்க. வெரசா அடுத்த பாட்ட ஆரம்பிங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். 'அவ எழுதுனதுதான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிட்டாரிஸ்டை அத்தனை திட்டுத் திட்டிய வாயிலிருந்து அது வரவில்லை. சீசன் முடிய இன்னும் ஆறு நிகழ்ச்சி அங்கே பாக்கி இருந்தது.

குச்சிகளைத் தட்டி, அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.