தோளில் போடும் துணிக்கு ஒரு ஸ்டாக் கோட்

1. பெட்டிக்குள் போன துணி

பட்டம் வாங்க வந்த ஒருவனின் தோளிலிருந்து துணியை உருவி, மடித்து, அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே மார்க்கரால் "கண்டெடுத்த பொருள்" என்று எழுதினேன். துணிக்குச் சொந்தக்காரன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது வருட ஸ்டோர் கீப்பர் வேலையில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் வேறு பொய் எழுதியதில்லை.

வேலை பார்த்தது துபாயில், ஒரு வெள்ளைக்காரப் பல்கலைக்கழகத்தின் கிளையில். பெயர் வேண்டாம். பெரிய நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள், ஸ்டோரிலும் ஏசி ரிப்பேரிலும் நாங்கள், கேட்டில் உகாண்டாக்காரர்கள். ஆப்பிரிக்க மாணவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களைச் செக்யூரிட்டி என்று நினைத்து பார்க்கிங் எங்கே என்று கேட்காத பெற்றோர் கிடையாது. நானே ஒருவனிடம் "டூட்டிக்கு லேட்டா?" என்று கேட்டிருக்கிறேன். அவன் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம்.

பட்டமளிப்பு நாளில் கவுன், தொப்பி, முதுகில் தொங்கும் ஹூட் எல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் விழா மேனேஜராக டக்ளஸ் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். "ராஜ், அப்ரூவ்டு லிஸ்ட்ல இல்லாத எதுவும் மேடைக்குப் போகக் கூடாது. நம்ம பாரம்பரியம் கெட்டுப்போகும்." பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான், எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில்.

பாரம்பரியம் என்றால் இதுதான். நாற்பது டிகிரி வெயிலில், ஃப்ளைட்டில் வந்து இறங்கிய ஒரு மனுஷன் கம்பளிப் பாவாடை கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, தோல்பை வைத்த பைப் வாத்தியம் ஊதுவார். பின்னால் ஒருவர் வெள்ளித் தடியைத் தூக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போல நடப்பார். இரண்டும் லிஸ்டில் உண்டு. கானாவிலிருந்து வந்து எஞ்சினியரிங் முடித்த க்வாமேயின் தோளில் கிடந்த நெய்த துணி மட்டும் லிஸ்டில் இல்லை.

"நாலே நிமிஷம் அங்கிள். மேடை ஏறி இறங்கினதும் நானே கழட்டித் தந்திருதேன்."

"நாலு நிமிஷமானாலும் ரூல் ரூல்தான் தம்பி."

உதவிக்கு நின்ற முருகேசன், ராமநாதபுரத்துக்காரன், தமிழில் முணுமுணுத்தான். "விடுங்கண்ணே, கறுப்பனுகளுக்கு இதுல என்ன பெரிய பெருமை." முருகேசன் தினமும் சிவப்பழகு க்ரீம் பூசுகிறவன். பத்து வருடமாக க்ரீம்தான் தோற்றுக்கொண்டிருக்கிறது.

என் லட்சணம் அதைவிடப் பிரமாதம். நான் மார்த்தாண்டம் பக்கம். அந்தக் காலத்தில் தோளில் துணி போட்டதற்காக மேல்சாதிக்காரர்களிடம் எங்கள் சனம் அடிபட்ட கதையைச் சபை ஆண்டு விழாவில் பத்து நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கியவன். அந்தக் கையாலேயே க்வாமேயின் துணியை உருவினேன். அவன் வெறும் கவுனோடு போய்ப் பட்டம் வாங்கினான். துணியைத் திருப்பிக் கொடுக்க டக்ளஸ் கையெழுத்து வேண்டும். அவர் லீவில் போய்விட்டார். க்வாமேயும் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

2. உள்பக்கம்

அடுத்த வருட விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அமாரா என்ற நைஜீரியப் பெண் கவுண்டருக்கு வந்தாள். கறுப்பின மாணவர் சங்கத்தின் தலைவி.

"அங்கிள், எங்க துணி உங்க கிட்ட இருக்காமே."

பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவள் துணியைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பினாள். நான் அதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. வேறு வேறு நிற நூலில், வேறு வேறு கைகள் தைத்த பதினொரு பெயர்கள். வருடத்துக்கு ஒருவர் அதைப் போட்டு மேடை ஏறுவாராம்; டக்ளஸுக்கு முன்னால் யாரும் லிஸ்டைப் பார்த்துத் தடுத்ததில்லை. இறங்கியதும் தன் பெயரைத் தானே தைக்க வேண்டுமாம். அவர்கள் இங்கே படித்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டடம் முழுக்க வேறு அடையாளம் கிடையாது. சுவரில் தொங்கிய படங்களெல்லாம் தாடி வைத்த வெள்ளைக்காரத் தாத்தாக்கள்.

"க்வாமே பேரு எங்க?"

"அவன் இதைப் போட்டு ஏறலையே."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இந்த வருஷமும் பிடுங்கிருவீங்களா அங்கிள்? பிடுங்கினா எனக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் விசா பயம். இது இதோட நின்னு போயிரும்."

"பாப்பம்" என்றேன். கல்ஃபில் "பாப்பம்" என்றால் நடக்காது என்று அவளுக்கும் தெரியும்.

3. ஆர்.ஜி. பதினான்கு

டக்ளஸ் பைபிளைப் போலத் தூக்கிக்காட்டும் அந்த அப்ரூவ்டு லிஸ்டை வருடா வருடம் டைப் செய்வது யார் தெரியுமா? அடியேன்தான். பதிமூன்று ஐட்டம், ஆர்.ஜி. 1 முதல் 13 வரை ஸ்டாக் கோட். கீழே இன்னொரு வரி சேர்த்தேன். "ஆர்.ஜி. 14: தோள் துணி, கைத்தறி, ஒன்று." நாற்காலி வாடகை, தண்ணீர் பாட்டில் தாள்களுக்கு நடுவில் வைத்து நீட்டினேன். அவர் ஃபோன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சீல் நானே அடித்தேன்.

இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விழா வரைக்கும் அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என் விசாவும் அவர்கள் கையில்தான்.

விழா அன்று அமாரா கவுனுக்கு மேலே துணியைப் போட்டு வரிசையில் நின்றாள். டக்ளஸ் நேராக என்னிடம் வந்தார்.

"இது என்ன?"

"ஆர்.ஜி. பதினாலு, சார்."

"யார் அப்ரூவ் பண்ணினது?"

"நீங்கதான், சார்."

தாளை நீட்டினேன். தன் கையெழுத்தை மனிதர் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. "நல்ல கலர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அமாரா மேடை ஏறினாள். பின்வரிசையில் அவள் ஆட்கள் போட்ட சத்தத்தில் பைப் ஊதியவரே திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் கேம்பஸ் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பக்கத்தில் டக்ளஸின் பேட்டி: இந்தப் பன்முகப் பாரம்பரியத்தை ஆரம்பம் முதலே ஊக்குவித்து வருகிறாராம். கூடவே எனக்கு ஒரு மெயில், விருந்தினருக்குக் கொடுக்க ஆர்.ஜி. பதினான்கு இன்னும் இருபது கிடைக்குமா என்று. "ஸ்டாக் மாஃபி, சார்" என்று கல்ஃப் அரபியில் கையை விரித்துப் பதில் போட்டேன்.

4. நாலு விரல் இடம்

விழா முடிந்ததும் அமாரா ஸ்டோரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பில் நான் தலையைக் கொடுத்தேன்.

"க்வாமே பேரையும் தச்சிரு மக்கா. தப்பு எனக்கதுதான்."

அவள் கானாவுக்கு, அக்ராவில் இருந்த க்வாமேக்கு வீடியோ கால் போட்டாள். டை கட்டி ஆபீசில் இருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டான்.

"வேண்டாம் அங்கிள். நான் அதைப் போட்டு ஏறலை. ஏறினமாதிரி தச்சா அதுவும் பொய்தான்."

"பின்ன நான் என்ன செய்யதுக்கு?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அமாரா, என் இடத்தைக் காலியா விடு."

அவள் நாலு விரல் அகலம் விட்டு, அதற்குக் கீழே தன் பெயரைத் தைத்தாள்.

ஸ்டோர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ரெஜிஸ்டரில் கணக்கு நேராகிவிடும், ரெஜிஸ்டரில் மட்டும்.

ரிட்டயர் ஆன அன்று சாவிகளையும், ஸ்டாக்கில் இருந்த அந்தத் துணியையும் முருகேசனிடம் ஒப்படைத்தேன். அவன் திருப்பிப் பார்த்தான்.

"பிள்ளைக இந்த எடம் யாருக்குன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?"

"க்வாமேன்னு சொல்லு."

"ஏன் காலியா கெடக்குன்னு கேட்டா?"

"எனக்க பேரைச் சொல்லு."